தக்காளிக் காரின் பகல் விளக்கு

எலி நிறக் காரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கொழுந்தியாள் ஜெயராணியின் அன்பும், வழக்கமான வம்பும். நீங்கள் போய் இரண்டாவது மழைக்காலம் வந்துவிட்டது. அக்கா நன்றாக இருக்கிறாள். நானும் பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து அவளோடுதான் இருக்கிறேன். போன வாரம் நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அந்த அம்பாசிடருக்கு நீங்கள் பெயிண்ட் அடித்த நாள் நினைவிருக்கிறதா? வெள்ளை அடியுங்கள் என்று அக்காவும் நானும் தொண்டை வற்றக் கத்தினோம். "வெள்ளை அடிச்சா தூசி தெரியும் புள்ள"ன்னு சொல்லி எலி நிறத்தை அடித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தூசி தெரியவில்லைதான் மாமா. காரும் தெரியவில்லை.

பாலக்கோடு ரோட்டில் வரிசையாக நிற்கும் புளிய மரங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை வெயிலில் ரோடு முழுக்க நிழலும் வெளிச்சமுமாகக் கிடக்கும். ஆடி மாதத்தில் ஒரு நாள் அக்கா தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போயிருக்கிறாள். வண்டிப்பாதையிலிருந்து கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே ஏறிவிட்டது. அக்கா பிரேக்கை மிதித்ததில் மட்கார்டு மட்டும்தான் நசுங்கியது. டிராக்டர்க்காரர் இறங்கி வந்து, அவளை விடவும் அதிகமாக நடுங்கினாராம். "சத்தியமா கண்ணுக்குத் தெரியலீங்க. நெழலோட நெழலா வந்துட்டீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாராம்.

செய்தி உங்கள் அண்ணன் காதுக்குப் போனது. பெரிய மாமாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "காரை வித்துடும்மா. உன் தக்காளியை நான் என் டிராக்டர்ல ஏத்தி வுடறேன். நீ வூட்ல இரு."

அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "அவரு எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தது வூட்ல இருக்கறதுக்கா பெரிய மாமா?"

அவ்வளவுதான். மனுஷன் திரும்பிப் பார்க்காமல் போனவர், இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். மாதா கோவிலில்கூட நாங்கள் உட்காரும் பக்கம் உட்காரவில்லை. அக்கா வெளியே விறைப்பாகத்தான் இருந்தாள். ஆனால் கார் சாவியை எடுக்கும்போது அவள் கை யோசித்ததை நான் பார்த்தேன். இன்னொரு தடவை அப்படி ஏதாவது நடந்தால், உங்கள் அண்ணன் சொல்லும் முன்பே அவளே காரை விற்றுவிட்டு வீட்டோடு அடங்கிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. உங்களை இழந்த பிறகு அவளைத் தினமும் எழுப்பி நடமாட வைத்தது அந்தக் காரும் மண்டியும்தான் மாமா. அதுவும் போனால் அவளிடம் என்ன இருக்கும்?

யோசனை அக்காவுடையதுதான். "ராத்திரியில மட்டும் எப்படி நம்ம காரு எல்லாருக்கும் தெரியுது? லைட்டு எரியறதால. அதைப் பகல்லயும் எரிய வெச்சா?" பெரிய விளக்கைப் பகலெல்லாம் எரியவிட்டால் உங்கள் கிழட்டு டைனமோ தாங்காது, பேட்டரி படுத்துவிடும் என்றேன். அப்படியானால் சின்னதாக இரண்டு விளக்குத் தனியாகப் போடு என்றாள். பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடம் நடத்துகிறவள் என்பதால் என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கரும்பலகையில் வரைந்த பல்பு என்றைக்குமே ஃபியூஸ் ஆனதில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

தர்மபுரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பகல்ல எரியறதுக்கா லைட்டு கேக்கறீங்க? சூரியன் என்னாச்சுங்க?" என்றார். "சூரியன் எங்க ஊரு புளிய மரத்துக்கு மேலதாங்க இருக்குது, கீழ வர்றதில்லை" என்றாள் அக்கா. உருண்டையான சின்ன விளக்கு இரண்டும், ஒயரும், ஒரு ஃபியூஸும் வாங்கி வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பானெட்டைத் திறந்தோம். விளக்குகளைப் பம்பரில் முடுக்கி, ஒயரை நேராகப் பேட்டரியில் கொடுத்தேன். எரிந்தது! அக்கா கைதட்டினாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்த குஷியில் பேட்டரியிலிருந்து ஒயரை யாரும் கழற்றவில்லை. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் கார் ஒரு முனகல்கூட முனகவில்லை. முந்தின நாள் காப்பி குடித்தவர்கள் அத்தனை பேரும் வந்து தள்ள வேண்டியதாயிற்று. நீங்கள் இருந்திருந்தால் பத்து ஊருக்குக் கேட்கும்படி சிரித்திருப்பீர்கள்.

பிறகுதான் புத்தி வந்தது. வைப்பருக்குக் கரண்ட் போகும் இடத்தில் ஒயரை மாற்றிக் கொடுத்தேன். அங்கே சாவி போட்டால்தான் கரண்ட் வரும், எடுத்தால் நின்றுவிடும். இனி அக்கா மறந்தாலும் விளக்கு மறக்காது.

பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து நானும் கிளம்பினேன். முன் சீட்டில் ஒரு கூடை, டிக்கியில் கூடைகள், பின் சீட்டிலும் கூடைகள். அவற்றுக்கு இடையில் சரிந்துவிழாமல் பிடித்தபடி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாதி படுத்த நிலையில் நான். எதிரே வந்தவர்கள் எல்லோரும் விரல்களை மூடி மூடித் திறந்து காட்டினார்கள். லைட்டு எரிகிறது, அணைக்க மறந்துவிட்டாய் என்று அர்த்தம். சைக்கிள்காரர் காட்டினார், மாட்டு வண்டிக்காரர் காட்டினார், ஆடு மேய்த்த கிழவர் கோலைத் தூக்கிக் காட்டினார். அக்கா முதலில் எல்லோருக்கும் தலையாட்டினாள். அப்புறம் பல்லைக் கடித்தாள்.

எதிரே வந்த பஸ் மண்ணில் இறங்கி எங்களுக்கு வழிவிட்டது. பகலில் லைட் போட்டுக்கொண்டு வரும் காருக்குள் நோயாளி இருப்பார் என்பதுதானே நம் ஊர் வழக்கம்? எங்களுக்கு அது உறைக்கவே இல்லை மாமா. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "உள்ள ஆருங்க?" என்று கத்தினார்.

"தக்காளிங்க!" என்று கத்தினாள் அக்கா.

அவர் காதில் அது விழவில்லை. அவர் கண்ணில் விழுந்தது, பின்னால் துண்டு கட்டிச் சரிந்து கிடந்த நான்தான். பஸ் பாப்பாரப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்தியும் இறங்கியது. செத்துப்போன அந்தோணியின் காரில் லைட் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். காரை ஓட்டியதும் ஒரு பொம்பளைதான் என்பது வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. அப்படியானால் படுத்திருப்பது யார்? அந்தோணி பெண்டாட்டி ரோசம்மாவேதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

நாங்கள் மண்டியில் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்கள் அண்ணன் வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒரு கையில் செபமாலை, ஒரு கையில் கஞ்சி பிளாஸ்க். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகத் தேடிவிட்டு, காரைப் பார்த்து இங்கே வந்திருக்கிறார்.

"ஏம்மா ரோசா... நீ நல்லாத்தான் இருக்கறியா?"

"எனக்கென்ன பெரிய மாமா, நல்லாத்தான் இருக்கறேன். இந்தக் கூடையைக் கொஞ்சம் புடிங்க."

பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுக் கூடையைப் பிடித்தார். பிடித்தபடியே அழ ஆரம்பித்தார். "லைட்டு எரிஞ்சுதுன்னாங்க. நீயும் போயிட்டேன்னு நெனச்சேன்ம்மா. அவன் போனப்பவே எனக்குப் பாதி உசுரு போயிருச்சு. காரை விக்கச் சொன்னது உன்னைப் பூட்டி வெக்கவா? பயந்துதான் சொன்னேன்."

அக்கா அவர் கையிலிருந்த கூடையை வாங்கி வைத்தாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். மண்டியில் யார் அழுதால் யார் பார்க்கிறார்கள்? பிறகு கஞ்சியை வீணாக்குவானேன் என்று மூன்று பேரும் தக்காளிக் குவியலின் ஓரமாக உட்கார்ந்து குடித்தோம். அதில் உப்பே இல்லை. பதற்றத்தில் அவரே காய்ச்சியதாம்.

திரும்பும்போது முன் சீட்டில் அவர் உட்கார்ந்தார். எதிரே வந்தவர்கள் மறுபடியும் விரலை மூடித் திறந்து காட்டினார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தெரியும்ங்க! வேணும்னுதான் போட்டிருக்கறோம்!" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

அன்றைக்கு டிராக்டர் குறுக்கே வந்த அதே வண்டிப்பாதை வந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டில் ஏறப் போனது. எங்கள் விளக்கைப் பார்த்துவிட்டு, நிழலுக்குள் இருந்த எங்களைப் பார்த்துவிட்டு, ஓரத்திலேயே நின்றது. நாங்கள் கடக்கும்வரை நின்றது. உங்கள் அண்ணன் தலையைத் திருப்பி அந்த டிராக்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "பெயிண்ட் அடிச்ச பயலுக்கு இது தோணாமப் போச்சே" என்றார்.

இப்போதெல்லாம் அக்கா கிளம்பும் நேரத்துக்குச் சரியாக வந்து காருக்கு முன்னால் நிற்கிறார். சாவியைப் போடச் சொல்கிறார். தோள் துண்டால் விளக்குக் கண்ணாடி இரண்டையும் துடைக்கிறார். "ம், எரியுது. போயிட்டு வாம்மா" என்கிறார். காரை வித்துடு என்று சொன்ன அதே வாய்தான் மாமா.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் அவளை ஒரு நாளும் அனுப்ப மாட்டோம். அவர் வராத நாளில் நான் பார்ப்பேன். கல்லறைத் திருநாளுக்கு மூன்று பேரும் இந்தக் காரில்தான் வருகிறோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் பட்டப்பகலில் இரண்டு விளக்கு எரிந்தால் பதறிவிடாதீர்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. உங்களைப் பார்க்க நாங்கள்தான் வந்துகொண்டிருக்கிறோம்.

உங்களோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்,
உங்கள் ஒரே கொழுந்தியாள்,
ஜெயராணி