வாசனை மைக்கு இரண்டரை நட்சத்திரம்

ஜூன் 21, சனி

கிள்ளான் வாழ் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. நான்காம் படிவ மாணவர் குரு கார்த்திகேசு அவர்கள், விலையுயர்ந்த வாசனை மையின் அதிகாரபூர்வ ஆய்வாளராக இன்று மாலை பதவியேற்றுக்கொண்டார். விழாவில் பக்கத்து வீட்டுப் பூனை கலந்துகொண்டு பாதியில் வெளிநடப்பு செய்தது.

என் வகுப்பு நண்பன் நைஜலின் அக்கா ஷார்மைன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேனாக் கடையில் வேலை செய்கிறார். இந்த மையை வாங்கலாமா வேண்டாமா என்று தமிழில், சிரிக்கிற மாதிரி யாராவது எழுதித் தர வேண்டுமாம். நைஜல் என்னைக் கைகாட்டியிருக்கிறான். கூலி: சின்னக் குப்பியில் கொஞ்சம் மை, இரவலாக ஓர் ஊற்றுப்பேனா. முழுப் புட்டி நூற்றெழுபது வெள்ளி! இதுவரை என்னிடம் இருந்த மைகள் வறுமை, பொறாமை, கல்லாமை. மூன்றும் இலவசம்.

"ஒழுங்கா எழுதுடா. இதுலயும் வெளையாடுன, அக்கா என்னைத்தான் கொல்லும்," என்றான் நைஜல். போன மாதம் அவன் கோலாவில் நான் கிச்சாப் சாஸ் ஊற்றியதை இன்னும் மறக்கவில்லை, பாவம்.

என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஏமாற்றுவது என் தொழில், தொழில்காரனிடமே தொழிலா? வாசனைக்கெல்லாம் மயங்குகிற ஆள் நானில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆய்வு. நிறம் கரும்பச்சை. அழகுதான். ஆனால் பள்ளி நோட்டில் எழுதினால் அடுத்த பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது. சீக்கிரம் காய்வதில்லை. என் புறங்கை இப்போது பாசி பிடித்த சுவர்.

வாசனை: பெட்டியில் பெர்கமோட் எலுமிச்சை, பழைய லெதர், புகையிலை என்று போட்டிருக்கிறது. எழுதிய தாளை மோந்து பார்த்தேன்.

தலைக்குத் தடவும் க்ரீம். லோரி சீட். அம்மாவுக்குத் தெரியாமல் பிடித்துவிட்டு, தெரியாது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குள் வருகிற சிகரெட்.

அப்பா.

இதை எப்படி விமர்சனத்தில் போடுவது? அப்பா போய் மூன்று மாதம். போர்ட் கிள்ளானில் வரிசையில் நின்ற லோரியிலேயே, ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடி. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்களாம்.

குப்பியை மூடிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

விமர்சனத்தை முடித்துத் தொலைப்போம் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கிறுக்கினேன். அம்மா புடவைக் கடை வேலை முடிந்து வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு கால் செருப்பு கழற்றியபடி, ஒரு கால் செருப்போடு.

"குரு. வாசம் வருது."

"என்ன வாசம்மா?"

"அப்பா வாசம்டா. ஒனக்கு வரல?"

மை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா சிரித்தார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு எவன் சொல்வான்?

"வருதும்மா," என்றேன். தாளை எல்லாம் நோட்டுக்குள் தள்ளிக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை – டிசு தாளில் நான்கு சொட்டு விட்டு அப்பா நாற்காலியின் குஷனுக்கு அடியில் வைத்தேன். வேலை செய்தது! திட்டம் போடாமலே என் வாழ்நாள் சாதனை. கிச்சாப் எல்லாம் இதற்கு முன்னால் தூசு.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா இன்று ரசம் வைத்தார். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

ஜூலை 4, வெள்ளி

அய்யாவு மாமா போன் செய்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் தன் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று ஒரு மாதமாகச் சொல்கிறார். அம்மாவும் சரி என்றிருந்தார். இன்று பேச்சு மாறிவிட்டது.

"நான் வரல அண்ணே. அவரு இன்னும் வீட்ட விட்டுப் போகல. வுட்டுட்டு எப்படி வர்றது?"

மாமா அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பள்ளி மாற வேண்டாம், புட்சால் கால்பந்துக் குழுவை விட வேண்டாம். வாழ்க பச்சை மை.

ஆனால் அம்மா போனை வைத்துவிட்டு நாற்காலியைப் பார்த்து, "கேட்டுச்சா? போகலன்னு சொல்லிட்டேன்," என்றார்.

நான் அறைக்குள் போய்விட்டேன்.

ஜூலை 9, புதன்

புடவைக் கடை முதலாளியம்மா எனக்கே போன் செய்தார். "தம்பி, அம்மாவுக்கு ஒடம்பு முடியலயா? மூணு நாளா வரலயே."

அம்மா தினமும் காலையில் புடவை கட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பள்ளிக்குப் போகிறேன். நான் போனதும் திரும்பி வந்து நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார் போல. நாள் முழுக்க.

இனி டிசு இல்லை. போதும். தானாக மறந்துவிடுவார்.

ஜூலை 12, சனி

மறக்கவில்லை. குஷனைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ரெண்டு நாளா வரலயேடா. அவரு போன அன்னிக்குக் காலையில சிகரெட் விஷயமா நல்லா ஏசிட்டேன். அந்தக் கோவம் இருக்கும்ல?"

ஐயோ. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன். செத்துப் போன மனுசன் கோவிச்சிட்டாருன்னு அம்மா அழுவுது. ஒரு சொட்டு மை. ஒரு டிசு. எருமை மாடு, எருமை மாடு –

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன். வாயால் வரவில்லை. குப்பியையும் பேனாவையும் அம்மா முன்னால் வைத்து, ஒரு தாளில் 'மன்னிச்சிருங்கம்மா' என்று எழுதி நீட்டினேன். அம்மா படிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். அறை விழும் என்று காத்திருந்தேன்.

"வெல என்ன?"

"முழுப் புட்டி நூத்தெழுவது வெள்ளி."

"அவரு க்ரீம் ஏழு வெள்ளிடா. போன மாசம் மினி மார்க்கெட்ல ஒரு டப்பா வாங்கித் தொறந்து பாத்தேன். வெறும் க்ரீம். அது அவரு இல்ல. ரப்பிஷ்ல போட்டுட்டேன்," என்றார்.

"அப்பா கோவமா இல்லம்மா. நான்தான் வைக்கல."

"தெரியுது." தாளை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார். "குப்பியக் கழுவிடு."

கழுவினேன். தொட்டியில் பச்சையாக ஓடி, வெளிறி, பிறகு வெறும் தண்ணீர். அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார். பைப்பை அவர்தான் மூடினார். பிறகு மாமாவுக்குப் போன் செய்தார்.

"அண்ணே, லோரிக்குச் சொல்லிடுங்க."

ஜூலை 26, சனி

மாமா வீட்டு மாடிக்கு மாறிவிட்டோம். நாற்காலி மாடிப்படியில் திரும்பவில்லை. மாமா தன் வீட்டுக் கீழ்க்கூடத்தில் போட்டுக்கொண்டார். இப்போது அதில் அவர் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். படிக்கட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

விமர்சனம் அனுப்பிவிட்டேன். "நூற்றெழுபது வெள்ளிக்கு இந்த மை எழுத்தைவிட உங்கள் கையில்தான் அதிகம் ஒட்டும். பள்ளி நோட்டு தாங்காது. வாசனை ஓரிரு நாளில் போய்விடும். போவதற்கு எதற்குக் காசு? இரண்டரை நட்சத்திரம். வாங்காதீர்கள்." ஷார்மைன் அக்கா சிரித்துச் சிரித்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டாராம். புதுப் பள்ளியில்கூட இரண்டு பேர் படித்திருக்கிறார்கள். "பாஸ், நீங்கதானா அந்த மை?" என்கிறார்கள். ஆமாம், யாரும் ஏமாற்ற முடியாத அந்த ஆள் நான்தான் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

கொமியூட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். புட்சால் காலணிக்குச் சேர்த்த காசு முழுதும் காலி.

"வாங்காதீங்கன்னு எழுதுனது நீதானேலா?" என்றார் ஷார்மைன் அக்கா.

"நைஜல் பர்த்டேக்கு, அக்கா."

"அவன் பர்த்டே போன மாசம்டா."

"லேட்டா குடுக்குறேன்."

அவர் புட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

புட்டி என் காலுறை டிராயரில் இருக்கிறது. பேனாவில் ஊற்றவில்லை; இதைப் பால்பாயின்டில்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு என்றைக்காவது தேவைப்படும், அதற்காக வாங்கினேன் என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன்.

பொய். அம்மா மறுபடி வேலைக்குப் போகிறார். ஒரு தடவைகூட அந்த வாசனையைப் பற்றிக் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மூடியைத் திறப்பது நான்தான். இன்றைக்கு மட்டும் நான்கு முறை.