உப்புப் போட்ட மாவும் உங்கள் காரின் ஹெட்டும்

கோப்பியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டு நாக்கில் மட்டும் மிளகாயை வைத்திருந்த என் அடைக்கலம் அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு வந்திருக்கும் முதல் கல்லறைத் திருநாள் இது. காலையில் நானும் என் வீட்டுக்காரி செல்லம்மாளும் வந்து உங்களுக்கும் சவரிமுத்து மாமாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. "அக்காவுக்கு உங்க மேல கோவம் போல," என்றாள் செல்லம்மாள். எனக்குச் சுருக்கென்றது. கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அவளுக்கும் அது தெரியும்.

போன வாரம் காசிம் என்று ஒருவர் வந்தார். செம்பவாங் கப்பல் பட்டறையில் இயந்திரம் பொருத்தும் பிட்டர். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் காலி செய்துகொண்டு போகப்போகிறான் அல்லவா, அதில் வேலை போகிறவர்களில் இவரும் ஒருவர். பழைய வேன் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். அது ஓடினால் குடும்பம் இங்கேயே பிழைத்துக்கொள்ளும். ஓடாவிட்டால் மனைவி மக்களோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற வேண்டியதுதான். ஆனால் அதன் என்ஜினை மேலே மூடும் சிலிண்டர் ஹெட் வெடித்துப்போயிருக்கிறது, அந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை. அதே கம்பெனியின் என் பழைய வேன் கொட்டகையில் சும்மா நிற்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, அந்த ஹெட்டு மட்டும் கிடைச்சா போதும், என் வண்டி எழுந்திரிச்சிரும் லா," என்றார்.

"அது குடுக்கிறதுக்கு இல்ல," என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களைப் போல விளக்குமாற்றை எடுக்காததுதான் குறை. அவர் போனதும் ஒரு துணியை எடுத்து வேனைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்கத் துடைக்க உங்கள் முகம்தான் வந்து நின்றது.

உங்கள் வீட்டுப் பின்புறத்தில் தகரக் கூரைக்குக் கீழே மாமாவின் சாம்பல் நிறக் கார் நின்றதே, அதை நீங்கள் சனிக்கிழமை தவறாமல் துடைப்பீர்கள். மாமா போய் இரண்டு வருடமாகியும் சாவி உங்கள் இடுப்பில்தான் தொங்கியது. விலை கேட்டு வந்தவனையெல்லாம் விளக்குமாற்றோடு ரேஸ்கோர்ஸ் ரோடு வரை விரட்டினீர்கள். அந்தப் பக்கமாகப் போகும்போது நானே அந்தக் காரைப் பார்க்காத மாதிரிதான் போவேன்.

அப்போதுதான் என் தலையில் இடி விழுந்தது. தேக்கா பாசாரிலிருந்து செம்பவாங் சமையற்கூடங்களுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த காலம். மண்டாய் ரோட்டு மேட்டில் வேன் என்ஜின் கொதித்து நின்றது. கொஞ்சம் ஆறவிட்டிருக்கலாம். நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே! கொதிக்கிற என்ஜினில் பச்சைத்தண்ணீரை ஊற்றினேன். ஹெட் விரிசல் விட்டுவிட்டது. புதியது சீமையிலிருந்து கப்பலில் வர மாதக்கணக்காகும் என்றார்கள். அதுவரை காய்கறி காத்திருக்குமா? வேறொருவன் வண்டியோடு தயாராக நின்றான். செல்லம்மாளையும் குழந்தையையும் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்தேன்.

அந்தப் பெட்டியை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நேராக வேன் நின்ற நோரிஸ் ரோட்டுப் பட்டறைக்கு வந்து நின்றீர்கள்.

"ஹெட்டுன்னா எது? மேல மூடி மாதிரி இருக்கே, அதுவா?"

"ஆமாக்கா."

"அவரு காருலயும் அதே கம்பெனி என்ஜின்தானே? கழட்டிக்க. ஆனா வண்டி ஓடுனதும் என் வாசல்ல கொண்டாந்து நிறுத்தணும். எனக்குக் கேக்கணும்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தீர்கள்.

ஒரே கம்பெனிதான், ஆனால் வேறு வேறு வருடத்து என்ஜின்கள். போல்ட்டுகள் பொருந்தின. தண்ணீர் போகும் ஓட்டைகள் இரண்டு விலகி நின்றன, அவற்றை அரம் போட்டுச் சரிசெய்தேன். பெரிய வம்பு வேறு. உங்கள் ஹெட்டின் உட்குழிவு சின்னது. கீழே இறங்கும் வால்வும் மேலே ஏறும் பிஸ்டனும் முட்டிக்கொண்டால் என்ஜின் அன்றோடு சரி. உள்ளே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று மூடிய பிறகு எப்படிப் பார்ப்பது? மாவை உருட்டி பிஸ்டன் மேல் வைத்து, ஹெட்டைப் பூட்டி, என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றித் திறந்தால், வால்வு அழுத்திய இடத்தில் மாவு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் இடைவெளி. உங்களிடம் மாவு கேட்டேன்.

சப்பாத்தி மாவைப் பதமாகப் பிசைந்து, எண்ணெய் தடவி, வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். வேலை முடிந்து, மிஞ்சிய மாவில் ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்த்தால் உப்பு! இரும்புக்கு உப்பு ஆகுமா? நான் கத்தினேன்.

"உப்பில்லாம மாவு பிசைய எனக்குத் தெரியாதுடா! உன் என்ஜினுக்கு ரத்தக்கொதிப்புன்னு முன்னாலயே சொல்லியிருக்கணும்," என்று நீங்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினீர்கள். பட்டறையே சிரித்தது. மாமா போன பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உப்போ இல்லையோ, மாவு பொய் சொல்லவில்லை. வால்வு அழுத்திய இடத்தில் அப்பளக் கனத்துக்குக்கூட மாவு மிச்சமில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் இரண்டு வண்டியும் போயிருக்கும். பாத்திரக் கடைக்காரரிடம் செம்புத் தகடு வாங்கி, ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் இடையே வைக்கும் கேஸ்கட் அளவுக்கு வெட்டி, உங்கள் அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி மென்மையாக்கினோம். அதை நடுவில் வைத்ததும் ஹெட் அந்த அளவு உயர்ந்தது. மறுபடி மாவு வைத்துப் பார்த்தோம், இந்தத் தடவை உப்பில்லாமல். வால்வுக்குக் கீழே நல்ல தோசைக் கனத்துக்கு மாவு நின்றது.

வண்டியை உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து, என்ஜினை அணைக்காமல் நிறுத்தினேன். மாமாவின் கார் முனையில் திரும்பும்போதே அந்தச் சத்தத்தை வைத்து நீங்கள் கோப்பிக்குத் தண்ணீர் வைப்பீர்கள் என்பது சந்து முழுக்கத் தெரியும். அந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்து, ராத்தூக்கம் கெட்டு அதைத் திருகி இதைத் திருகிப் பார்த்திருந்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். செல்லம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"இது அவரு சத்தம் இல்ல," என்றீர்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சைலன்சரையும் அதுலேருந்து கழட்டி மாட்டினா கொஞ்சம் வரும்க்கா" என்று உளறினேன்.

"வேணாம்டா. ரோட்டுல எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய் அடுப்ப மூட்டிட்டுத்தான் இருக்கேன், பைத்தியம் மாதிரி. அதை உள்ள பூட்டி வச்சிருக்கிற வரைக்கும் அவரு வருவாருன்னே காது கேட்டுட்டு இருந்துச்சு. இது உன் வண்டி சத்தம். நல்லா இருக்கு. இரு, கோப்பி போடுறேன்."

அந்தக் கோப்பியின் இனிப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. நன்றி என்று உங்களிடம் நேரில் சொன்னதேயில்லை. சொன்னால் "போடா" என்பீர்கள். இப்போது தடுக்க முடியாதே, கேட்டுக்கொள்ளுங்கள். என் மகள் இந்த ஊரில் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள் என்றால் அது உங்களால். நன்றி அக்கா.

பிறகு அந்தக் காரில் மிச்சமிருந்ததையும் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தீர்கள். என் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து பாசாருக்குப் போகும்போது, "அதோ பாரு, அந்த டாக்சில அவரு கண்ணாடி போகுது," என்று கையை நீட்டுவீர்கள். இவ்வளவும் பக்கத்தில் இருந்து பார்த்த நான், உங்கள் ஞாபகம் என்று சொல்லி வேனைப் பூட்டி வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறேனே, இதை எங்கே போய்ச் சொல்ல?

கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் செம்பவாங் போய்க் காசிமைப் பார்த்தேன். நாளைக்குக் கழற்றித் தருகிறேன், செம்புத் தகட்டையும் சேர்த்து. அவர் என்ஜினுக்கு எப்படிப் பொருந்தும் என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உப்பில்லாமல் மாவு பிசையச் செல்லம்மாளிடம் சொல்லியாகிவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். வண்டி ஓடியதும் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அது நம் வேன் சத்தமாக இருக்காது. நான் கடைசிவரை நின்று கேட்பேன். பிறகு உள்ளே போய், சர்க்கரையை அள்ளிப் போட்டு, காசிமுக்கு என் கையால் கோப்பி கலந்து கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களோடு கூடப் பிறக்காத, ஆனால் திட்டித் திட்டியே வளர்த்த
உங்கள் தம்பி,
மாணிக்கம்