சாம்பல் படிந்த நம் சமையலறை

அன்புள்ள வாண்டு,

நாங்கள் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்கு நடுவே கொஞ்சமாவது தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அண்ணன் குழந்தைக்கு முன்பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்தவர்களை எல்லாம் கடிக்கிறது, அண்ணி கையைப் பார்த்தால் நீ சிரிப்பாய். எனக்கு ஆஸ்பத்திரியில் இந்த மாதம் பகல் ஷிப்டுதான். அப்பாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது, பாய்லர் பட்டறையில் காலமெல்லாம் சுத்தியல் சத்தத்துக்குள் நின்ற காது, மெஷின் வாங்கி வைத்தாலும் மாட்டமாட்டேன் என்கிறார், இதுவரைக்கும் கேட்டதே போதுமாம், அதையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். நேற்று நீ போனில் உன் படம் எப்படி என்று கேட்டபோது அப்பா போனைப் பிடுங்கி சூப்பர் சூப்பர் என்று கத்தினாரே, நான் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தாயோ என்னவோ. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும்தான் போனோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை, நான் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை, டிக்கெட் கிழிக்கிறவரிடம் எங்க பொண்ணு வரைஞ்ச படம் என்று அப்பா சொல்ல, அவர் கார்ட்டூனா என்று கேட்க, அங்கேயே எனக்கு முதல் கோபம். ஆனால் விளக்கு அணைந்ததும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை, அது சத்தியம். சூரியனே இல்லாத அந்தச் சாம்பல் வானம், வற்றிப்போன கடலின் தரையில் ஒருக்களித்துக் கிடக்கிற கப்பல்கள், அவற்றின் வயிற்றுக்குள் மினுக்கிற சின்னச் சின்ன அடுப்பு வெளிச்சம், இதையெல்லாம் நான் பெற்ற பெண்ணா வரைந்தாள் என்று மெய்சிலிர்த்துவிட்டது. அப்புறம் அந்தப் படத்தில் வருகிறவர்கள் வாயைத் திறந்தார்கள். ஏனடி, அந்தப் பெண்ணுக்கு என்ன வயது இருக்கும், பத்து இருக்குமா, கண் முன்னால் தாய் சாகிறாள், மறு நிமிஷம் லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஏதோ கோபுரத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். அதற்கப்புறம் படம் முடிகிறவரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அம்மா என்றாளா? அந்த முகமூடிக்காரன் வேறு, மனித குலம் ஏன் அழிந்தது என்று பாடம் நடத்துகிறான், எனக்குப் பக்கத்து சீட்டில் ஒருவர் குறட்டையே விட்டுவிட்டார். போன வாரம் எங்கள் வார்டில் ஒரு அம்மாள் போய்விட்டாள், அவளுடைய பிள்ளை அழவில்லை, அம்மாவோட கண்ணாடிய மட்டும் குடுங்க சிஸ்டர் என்று வாங்கி, அந்தப் பவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரில் முட்டி முட்டி வராந்தாவில் நடந்தான். உங்கள் கதையை எழுதினவருக்குத் தாயே கிடையாதா?

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். படத்தில் அந்தப் பெண் இடிந்த வீடுகளுக்குள் புகுந்து போகிறாளே, அந்த இடத்தில் நம் சமையலறை வந்தது. அண்ணன் தலையை விட்டு மாட்டிக்கொண்டு வளைத்த ஜன்னல் கம்பி, நான் சூட்டோடு சட்டியை இறக்கிக் கருகின மேடை, துணி சுற்றின குழாய், எல்லாம் அப்படியே, எல்லாவற்றின் மேலும் விரற்கடை உயரத்துக்குச் சாம்பல். என் கை தானாகத் துடைக்கப் போனது. அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அந்த ஸ்டூல், நான் பத்த வச்ச கால் என்று தியேட்டரே திரும்புகிற மாதிரி கத்தினார், நம் மர ஸ்டூலுக்கு அவர் பட்டறையில் வெல்டிங் பண்ணி மாட்டின இரும்புக் காலைக்கூட நீ விடவில்லையே. பின்னால் இருந்தவர்கள் உக்காருய்யா உக்காருய்யா என்று போட்ட சத்தம் அவருக்குக் கேட்கவா போகிறது. அந்தப் பெண் வந்தாள், ஸ்டூலை எட்டி உதைத்தாள், போய்விட்டாள். முடிந்தது! இங்கே யார் சமைத்தார்கள், யார் சாப்பிட்டார்கள், எங்கே போனார்கள் என்று நின்று ஒரு மூச்சு விடக்கூட அவளுக்கு நேரம் இல்லை. அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காலிப் பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு காட்சி இருந்தது, வேகம் குறையுதுன்னு டைரக்டர் வெட்டிட்டார்மா என்று நீ முன்பு ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாய், அது இந்த இடம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னுடைய அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் உன் பெட்டியை உடைத்தவளைப் பற்றிச் சொன்னபோதும் அப்படித்தான் சிரித்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இன்னொரு கூத்து. அப்பாவுக்கு வசனம் ஒன்றும் காதில் விழவில்லையா, படத்தைப் பார்த்து அவராகவே ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார், அதை எனக்குச் சொல்கிறேன் என்று பஸ் முழுக்கச் சொன்னார். அந்தப் பொண்ணு கோபுரத்துக்கெல்லாம் போகல, அவ வீடு எதுன்னு மறந்து போச்சு, ஒவ்வொரு வீடா நுழைஞ்சு அம்மா வாசனை வருதான்னு பாக்கறா, சாம்பல்ல எங்க வரும், அந்த ஆத்திரத்துலதான் ஸ்டூல உதைக்கிறா, முகமூடி போட்டவன் அவ அப்பன், நெருப்புல வெந்த முகத்தப் புள்ள பாத்துடக் கூடாதுன்னு மூடிக்கிட்டு விளக்கு அணையாம பின்னாலயே வர்றான். முன் சீட்டில் இருந்த பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எந்த தியேட்டர்ல ஓடுது என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் போய்ப் பார்த்து ஏமாறப் போகிறாளே! ஆனால் அப்பா இல்லாததையா சொன்னார்? அவர் பார்த்ததெல்லாம் நீ வரைந்ததுதான். முகமூடிக்காரன் லாந்தருக்குக் காற்று படாமல் தன் உடம்பை மறைத்து நிற்கிற மாதிரி நீதானே வரைந்திருக்கிறாய், அந்த நேரம் பார்த்து அவன் வாயில் உன்னை அழிப்பேன் என்று வசனம் வைத்தது யார்?

கதை என் வேலை இல்லம்மா, நான் இடத்த மட்டும்தான் வரையறேன் என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். யாரோ வாழ்ந்து போனால்தானே அது இடம், இல்லாவிட்டால் வெறும் குப்பைமேடு. இரண்டாம் பாகத்துக்கு உன்னையே வரைகிறவர்கள் எல்லாருக்கும் தலைமையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய், இன்னும் பெரிய பெரிய இடிபாடு வேண்டும் என்று டைரக்டர் கேட்கிறார் என்றாய். ஒத்துக்கொள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் யார் இருந்தார்கள் சார் என்று அவரைக் கேள். அவர் சொல்கிறவரை ஒரு சுவரைக்கூட இடிக்காதே. எங்கம்மா கேக்கச் சொன்னாங்க என்று வேண்டுமானாலும் சொல், எனக்கு ஒன்றும் வெட்கம் இல்லை. அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நீ மட்டும் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிடாதே.

திட்டினதை மனதில் வைத்துக்கொள்ளாதே கண்ணு, வேறு யார் பெண்ணைப் போய் நான் திட்டுவேன். கம்ப்யூட்டரையே வெறித்துக்கொண்டு இருக்காமல் நடுநடுவே எழுந்து நட, கண்ணுக்கு மருந்து விட மறக்காதே. உன் கை வரைவதெல்லாம் விளங்கட்டும், உன் நாக்குக்கும் அதே தைரியம் வரட்டும், நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் மேல் உயிராக இருக்கும்,
அம்மா

கடிதத்தை மடிக்கும்போது அப்பா வந்து ஒன்று கேட்கச் சொன்னார், படம் பார்த்ததிலிருந்து இதே யோசனையாக இருக்கிறாராம்: நம்ம ஸ்டூல உதைச்சுட்டுப் போன அந்தப் பொண்ணு அன்னிக்கு ராத்திரி எங்க படுத்தா?