அந்தோணி கடைசியாக வாங்கிய இசைத்தட்டு

என் உயிர்க் கூட்டாளி அந்தோணிக்கு,

அங்கே பாட்டுக் கேட்க வசதி உண்டா? இல்லை, வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கிறாயா? அது உன்னால் ஆகாதே.

கடைசியாக ஒரு தட்டு வாங்கி வந்தாயே, படகுப் படம் போட்டது. எந்தக் கப்பல்காரனோ பழைய சாமான் கடையில் போட்டுவிட்டுப் போனது. அட்டையில் இருந்த எழுத்து நமக்குப் புரியவில்லை. தமிழே நமக்குத் தடவித்தான் வரும்.

வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் போட்டுக் கேட்டோம். கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், வாங்கியவன் அடுத்த வாரக் குழம்புக்கு மீன் ஆய வேண்டும். அதுதானே நம் சட்டம்?

"பாடுதவன் சாப்பிட்டு மூணு நாளாச்சு போல" என்றான் உப்பு லாரி ஓட்டும் முருகேசன். "ஏலே, இவன் தூங்கிக்கிட்டே பாடுதான்" என்றேன் நான்.

நீ விடவில்லை. "அவன் மனசுல பெரிய பாரம்லே. ஆம்பள அழுதா இப்படித்தான் இருக்கும்."

எனக்குச் சிரித்து வயிறு வலித்தது. அடுத்த வாரம் நீ ஒரு கூடை சாளை ஆய்ந்தாய். அதற்கடுத்த வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவன், எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்காரி எஸ்தர் மதினி சொன்னாள்: "அந்தப் பாட்டுப் பெட்டிய எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. இனி இந்த வீட்டுக்குச் சத்தம் வேண்டாம்." அந்த வீட்டை விட்டால் வேறு எங்கே கூடுவது?

தூக்கிக் கொடுக்கும் முன் பெட்டியைத் துடைத்தாள். உன் தட்டு அதில் அப்படியே இருந்தது. கடைசியாக ஒரு தடவை கேட்போம் என்று முருகேசன் ஓட விட்டான்.

பெண்குரல், அந்தோணி. கல்யாண வீட்டில் பாடுகிற மாதிரி துள்ளிக்கொண்டு வருகிறது. துடைத்த கை வேகத்தை மாற்றும் குமிழில் பட்டிருக்கிறது. வேகமாக ஓட வேண்டிய தட்டை நாம் இழுத்து இழுத்து ஓட்டி, ஒரு பாட்டுக்காரியை அழுகிற ஆம்பளை ஆக்கியிருக்கிறோம். உன்னை மீன் ஆய வைத்தது அநியாயம்தான். ஆனாலும் அவள் மனசில் என்னடா பாரம்?

மதினியும் அதையேதான் கேட்டாள். "இவளுக்கா ஒங்க அண்ணன் பாரம்னு சொன்னாவ?" பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்தும் நிற்கவில்லை. பெட்டியைத் தூக்க எங்களுக்குக் கை வரவில்லை, அவளும் எடுத்துப் போகச் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவளே ஒரு தட்டு வாங்கி வந்தாள். "இத்தன வருசமா அடுப்பங்கரையில நின்னு ஒங்க பேச்சக் கேட்டேன். ஒருத்தருக்கும் காது கிடையாது." உன்னையும் சேர்த்துத்தான். அவளிடம் ஒரு நாளாவது நாம் அபிப்பிராயம் கேட்டோமா?

ஒன்று சத்தியம் செய்கிறேன். உன்னை இழந்தவள் என்று இரக்கப்பட்டு மதினியின் தட்டை நல்லது என்று சொல்ல மாட்டேன். அவள் வாங்கியது மட்டம். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். தெருமுனை வரை கேட்கச் சண்டை போட்டாள். வருகிற ஞாயிறும் போய்ச் சண்டை போடுவேன்.

உனக்கு ஆறு மாதம் இளையவன், ஒருநாளும் உன்னை அண்ணன் என்று கூப்பிடாத தம்பி,
சேவியர்,
திரேஸ்புரம்.