இரண்டு கறுப்புத் திரைகள்

ஏப். 8, செவ்வாய்
காலையிலேயே வெயில். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காட்டூர் காலேஜ் சேர்வதற்குள் புடவை நனைந்துவிட்டது. லேபில் ஏ.சி. இல்லை. சர்வர் ரூமுக்கு மட்டும் உண்டு.

ஸ்டெல்லா லேபில் சேர்ந்து நான்கு மாதம். லினக்ஸ் சர்வரையும் மவுஸால்தான் ஓட்டுவாள். பிரவுசரில் ஒரு பேனல், கலர் கலராகப் பட்டன். கமாண்ட் அடிக்கச் சொன்னால், “பயமா இருக்குக்கா. மவுஸ்னா செய்யறது கண்ணுக்குத் தெரியும்.”

“பொம்மை பாத்துப் படிக்கிற வயசா உனக்கு?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமைதான்.

ஏப். 9, புதன்
இங்கே மட்டும் எழுதுகிறேன்.

டெஸ்ட் மெஷினைக் காலி செய்ய வேண்டியிருந்தது. திரையில் இரண்டு டெர்மினல், கமாண்ட் அடிக்கிற ஜன்னல்கள். ஒன்று டெஸ்ட், இன்னொன்று சர்வர். இரண்டும் ஒரே கறுப்பு. அழிக்கும் கமாண்டை அடித்து என்டர் தட்டினேன். பிறகுதான் மெஷின் பெயரைப் பார்த்தேன். சர்வர்.

போனது முருகானந்தத்தின் ஃபோல்டர். இங்கே பிஎச்.டி. செய்கிறவர். துறையூர்க் கிணறுகளின் நீர்மட்டம், மூன்று வருடம் வாராவாரம் டூவீலரில் போய் அளந்தது. அடுத்த மாதம் தீசிஸ் கொடுக்க வேண்டும்.

பேக்கப் டிஸ்க் பிப்ரவரியிலிருந்து பழுது. புதிது கேட்ட கடிதம் பிரின்சிபால் மேஜையில்.

அடித்த கமாண்ட் எல்லாம் ஹிஸ்டரியில் நிற்கும். அதையும் அழித்தேன். அதற்கு மட்டும் மெஷின் பெயரைச் சரியாகப் பார்த்துக்கொண்டேன்.

ஏப். 10, வியாழன்
லீவு போட நினைத்தேன். போடவில்லை, சந்தேகம் வரும்.

ஹெச்.ஓ.டி. அறையில் முருகானந்தம். “மொத வருஷ நோட்டு மட்டும்தாங்க சார் என்கிட்ட இருக்கு.”

ஹெச்.ஓ.டி. பேனலைத் திறந்தார். அதன் வழியாக யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பெயரோடு எழுதி வைத்திருக்கும். புதன் 11.10, ஸ்டெல்லா. வேறு பெயர் இல்லை. நான்தான் பேனலைத் தொடுவதே இல்லையே, எல்லாம் டெர்மினலில்தான்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். இருபது வருட வேலை. “என்னம்மா, தண்ணி வேணுமா?” என்றார் ஹெச்.ஓ.டி. வேண்டாம் சார் என்றேன். பாவி நான்.

ஏப். 11, வெள்ளி
வாங்க: தயிர், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, கொசுவர்த்தி.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டார்கள். டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“டிஸ்க்ல எவ்வளவு இடம் இருக்குன்னு மட்டும்தான்க்கா பாத்தேன். எங்க கை பட்டுச்சோ, தெரியல. முருகானந்தம் சார் மொகத்தப் பாக்க முடியல. மவுஸ்ல அப்படி ஆகுமாக்கா?”

“ஆகும்” என்றேன்.