ஆர்கானிக் பேப்பரும் அப்பாவின் திதியும்

மந்தைவெளி,
21-4-1996

சௌபாக்கியவதி ஜெயலக்ஷ்மிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். நாக்பூர் வெயிலில் பேத்தி அனன்யாவை வெளியே விடாதே. அவள் கடிதம் வந்தது. கையெழுத்து ஒரு பக்கமாகச் சாய்கிறது. எங்கள் கான்வெண்டில் இப்படி எழுதினால் விரல் மேலேயே ஸ்கேல் விழும். சொல்லிவை.

உன் தம்பி ஸ்ரீவத்சன் டெலிபோனில் அவன் பக்கத்தைச் சொல்லியிருப்பான். என் பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜலஜா கல்யாணமாகி வந்த சூட்டோடு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேரப்போவதாகச் சொன்னபோது நான் தடுக்கவில்லை. மருமகளைப் படிக்கவிடாதவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். லேபிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் புடவையில் அப்படி ஒரு வாடை. ஒருநாள் அவள் புத்தகத்தை நானே கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். எதனோடு எதைச் சேர்த்தால் எது வரும் என்று தடங்கலில்லாமல் சொன்னாள். உச்சரிப்புதான் சகிக்கவில்லை. கும்பகோணத்தில் தமிழ் மீடியம் படித்தவள். ஆல்டிஹைடை அவள் சொன்ன விதத்தைத் திருத்தினேன். அதற்கு முகம் சிவந்துவிட்டது.

முதல் செமஸ்டரில் அவள்தான் முதல். இரண்டாவது செமஸ்டரில் இந்த ஆர்கானிக் பேப்பர்தான் மலையாம். ஒரு பேப்பர் தவறினாலும் யூனிவர்சிட்டி ராங்க் கிடையாதாம். வடை தட்டும்போதுகூட ஈரவிரலால் மேடையில் அறுகோணம் போட்டு, பக்கத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தப் பரீட்சையும் அப்பாவின் சிராத்தமும் ஒரே நாளில் வந்தன. முதலிலேயே என்னிடம் வந்து, "அம்மா, விடியறதுக்குள்ள அத்தனையும் பண்ணி வெச்சுட்டுப் போயிடறேனே" என்றாள். "பிராமணாளுக்குக் கால் அலம்பத் தண்ணி யார் விடுவா? சிராத்தம் பண்ற கர்த்தாவோட ஆத்துக்காரிதானே விடணும்?" என்று கேட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் சாஸ்திரிகள் டெலிபோன் செய்தார். அவர் இப்போது திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கு மாறிவிட்டாராம். அதில் திதி ஒரு நாள் தள்ளியிருக்கிறதாம், அதனால் நாளை மறுநாள்தான் வருவாராம். உன் அப்பா வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாக்கியப் பஞ்சாங்கம்தான். சாஸ்திரிகளின் சௌகரியத்துக்கு என் புருஷனின் திதி மாறுமா? சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் எழுந்து, மடியாக ஈரப்புடவையோடு ஜலஜா சமைத்தாள். பயத்தம்பருப்புப் பாயசம், எள்ளுருண்டை, பாகற்காய், வாழைக்காய், எதிலும் குறை சொல்ல முடியாது. பத்து மணிக்குப் பரீட்சை. பத்து அடிக்கும்போது வடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பதினொன்றாகியும் யாரும் வராததால் ஸ்ரீவத்சன் சாஸ்திரிகளுக்குப் போன் செய்தான். "நேத்தே மாமிகிட்ட சொன்னேனேப்பா" என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆமாம், சொன்னார் என்றேன்.

ஜலஜா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "தெரிஞ்சிருந்தா நான் போயிருப்பேனேம்மா" என்றாள்.

"போயிருப்பே. தெரியும்" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வேலைக்காரி தேவானையை அழைத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "இன்னா பெரீம்மா, கல்யாணமா? இம்மாஞ் சோறு கீது!" என்று அவள் என்னிடமே கேட்டாள்.

அடுத்த நாள் சாஸ்திரிகள் வந்தார். ஜலஜா அத்தனையும் திரும்பச் சமைத்தாள். தண்ணீர் விட்டாள், பரிமாறினாள், எனக்கும் போட்டாள். இவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதில்லை என்றார் அவர். பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்த பிறகு என்னை நமஸ்காரம் செய்துவிட்டு ஸ்ரீவத்சனோடு ஆட்டோவில் ஏறினாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்கு மேலே இரண்டு அறையில் தனிக்குடித்தனமாம். நாள் முழுக்க இரும்பு அடிக்கிற சத்தமாம். எப்படித்தான் படிக்கிறாளோ.

இனி அந்தப் பேப்பரை அடுத்த ஏப்ரலில்தான் எழுத முடியுமாம், ஜூனியர் பெண்களோடு உட்கார்ந்து. ராங்க் போனது போனதுதான். அது பற்றி எனக்கு வருத்தமில்லை என்று அவனிடம் சொன்னேன். அதற்கு அவன், "இனிமே அப்பா சிராத்தம் மடத்துலதான்மா. சமையல்காரா பண்ணிப் போடுவா. ஆத்துல வேண்டாம்" என்றான். அப்பா வாழ்ந்த வீட்டை விட்டுவிட்டு மடத்தில்!

வருஷப் பிறப்புக்குப் புதுப் பஞ்சாங்கம் இரண்டையும் வாங்கினேன். வரும் பங்குனியில் திதி இரண்டிலும் ஒரே நாள்தான். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை வந்தால் போகட்டும். ஆத்துக்காரி இல்லாவிட்டால் கர்த்தா தானே தண்ணீர் விட்டு அலம்பலாமாம், சாஸ்திரிகளைக் கேட்டேன். ஆனால் சிராத்தம் இந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். நீ ஸ்ரீவத்சனுக்கு எழுது. நான் எழுதச் சொன்னதாக எழுதாதே.

அவர்கள் போனதிலிருந்து அரை ஆழாக்கு அரிசி வைக்கிறேன். அதுவும் மீந்துபோகிறது. உன் வீட்டில் என்றைக்கும் பெரிய பாத்திரத்தில் சமையல் நடக்கட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா