செவலைக்குப் போட்ட வேப்பிலை

திருப்புலிவனம்
2-4-62

என் கண்ணு உண்ணாமலைக்கு நைனா வேதகிரி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று பதில் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். மாப்பிள்ளைக்கு இன்னும் ராத்திரி டூட்டிதானா, பகலில் அவரைத் தூங்கவிடு.

நீ ரயில் ஏறும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போன செவலை நாய்க்குட்டியைப் பற்றி எழுத வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு கார்டைக் கிழித்துவிட்டேன். நீ சொன்னபடி அடிக்கவில்லை, கட்டிப்போடவும் இல்லை. சோறு தின்றதும் வாசல் வேப்பமரத்தடியில் விடு, அங்கே ஒன்றுக்கு இருந்தால் தடவிக்கொடு, அப்படித்தான் பழகும் என்று எழுதியிருந்தாய். விட்டேன். அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன், ரைஸ் மில்லுக்கு நேரமாகிறது இருடா என்று கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில் உள்ளே ஓடி வந்து என் பாயின்மேல்தான் இருக்கும். மில்லில் மேஸ்திரி என்று பேர், ஒரு நாய்க்குட்டி என் பேச்சைக் கேட்கவில்லை. செருப்பைக் கடித்ததற்கு நான் அதைத் திட்டினால் உன் அம்மா என்னைத் திட்டினாள்.

போன வாரம் குட்டிக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கண்ணில் பூளை, மூக்கில் சளி, சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதைப் புரட்டிப் பார்த்த உன் அம்மா அடிவயிற்றில் முத்து முத்தாகக் கொப்புளம் இருக்கவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தாதான் வந்திருக்கிறாள் என்று அப்போதே வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். நாய்க்கு ஆத்தாவா என்று பக்கத்து வீட்டுச் செங்கேணி சிரித்ததற்கு அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு கிடையாது, நாய்க்கு வந்த அம்மைக்கு நானும் பத்தியம் இருக்கிறேன். குட்டியை வேப்பிலைமேல் கிடத்தி, இளநீரும் கூழ்த்தண்ணீரும் ஊற்றி, ஈரத்துணி போட்டுக் குளிரப்பண்ணிக்கொண்டே இருந்தாள். அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

மில்லுக்குப் போகிற சாக்கில் உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். இது நாய்க்குட்டிகளுக்கு வருகிற காய்ச்சல், அம்மை இல்லை, பிழைப்பது நிச்சயமில்லை, குளிர்ச்சியே கூடாது, சாக்கில் சுற்றிக் கதகதப்பாக வை, கண்ணைத் துடை என்று டாக்டர் சொல்லி, தேனில் குழைத்து நாக்கில் தடவ ஒரு தூளும் மடித்துக் கொடுத்தார். பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு வந்தவன் வெளியே எடுக்கவே இல்லை. உன் தம்பி ஆனந்தனுக்கு அம்மை போட்டபோது ஆஸ்பத்திரி மருந்து உள்ளே போன மறுநாள்தான் அவன் போனான். மருந்தால் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கு யார் சொல்வது. ஒரு தரம் மெதுவாகப் பேச்செடுத்தேன். "ஆத்தா எறங்கினு கீற வூட்ல மருந்தா? ஒரு புள்ளைய குடுத்தது போதாதா?" என்றாள். பொட்டலத்தைத் தொட்டுப் பார்ப்பதும் குட்டியைப் பார்ப்பதுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுக் காலையில் குட்டிக்குத் தாடை வெட்டி வெட்டி இழுத்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "நான் தண்ணிக்குப் போறேன். மடியில வெச்சிகினு கீறத இன்னா பண்றதோ பண்ணு. எனக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது, அதோடுதான் போனாள்.

பல்லைக் கிட்டித்துக்கொண்டு கிடக்கிற வாயில் எப்படியம்மா தடவுவது? பாதி என் விரலில், பாதி தரையில். சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அது சாக்கை உதறிவிட்டு எழுந்தது. பின்னங்காலை இழுத்து இழுத்து வாசற்படி இறங்கி, வேப்பமரத்தடிவரை போய், அங்கே ஒன்றுக்கு இருந்தது. இருந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. தடவிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு உறைக்கவே நேரமாயிற்று. திரும்பப் படியேற அதனால் முடியவில்லை, தூக்கிக்கொண்டு வந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, அழுதுவிட்டேன்.

இன்றைக்கு உயிர் இருக்கிறது, நாளைக்கு எப்படியோ. பிழைத்தால் ஆத்தா காப்பாற்றினாள் என்பாள் உன் அம்மா, சொல்லட்டும். போய்விட்டால் என்னைத் திட்டமாட்டாள், நான் தண்ணிக்குப் போனேனே என்று தன்னையே சொல்லிக்கொண்டு கிடப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். பதிலில் செவலையை எப்போதும்போல் விசாரி, மருந்தைப் பற்றி மட்டும் ஒரு எழுத்தும் வேண்டாம். உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு நான்தான் படித்துக்காட்ட வேண்டும், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படிக்க எனக்கு வராது.

இப்படிக்கு,
உன் நைனா,
வேதகிரி